முப்பத்தோரு வருடம் உட்காராத பின்சீட்

சர்வீசுக்கு வரும் வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் ரோடு டெஸ்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் ஐந்து பேருக்கும் நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். சால்வை போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுத்து ஓய்வு கொடுத்து அனுப்பி வைத்த பிறகும் மனுஷனைச் சும்மா விடமாட்டீர்கள் போல. எனக்குத் தமிழில்தான் எழுத வரும். உங்களில் பாதிப் பேர் தாராவிப் பிள்ளைகள். தமிழ் வாய்நிறையப் பேசுவீர்கள், எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். வாசிக்கத் தெரிந்தவன் மற்றவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டட்டும்.

நான் கெட்டிக்காரனாக இருந்த கதைகளைச் சொல்லப் போவதில்லை. அவற்றைக் கேன்டீனில் நீங்கள் கொட்டாவி விடும்வரை சொல்லியாகிவிட்டது. ஸ்டீயரிங்கில் விரல் நுனியை வைத்தால் எந்த டயரில் காற்று குறைவு என்று சொல்லிவிடுவேன் என்பது பொய்யில்லை. இன்றைக்கும் சொல்வேன். அந்தக் கையை நினைத்து எனக்கு ஏகப்பட்ட கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தால் ஒருவருக்கு வேலை போனது. அதைத்தான் எழுதுகிறேன். நடந்து வருடம் ஒன்றுக்கு மேல் ஆகிறது.

அது ஒரு ஹைபிரிட் எஸ்யூவி, நம் செம்பூர் சர்வீஸ் சென்டர் வழியாகப் போன அந்த மாடலின் முதல் வண்டி. இப்போது உங்களுக்கு அது பழகிப்போயிருக்கும். அன்றைக்கு எங்களுக்கு அது புதிர். பெட்ரோல் இன்ஜினும் மோட்டாரும் மாறி மாறி இழுக்கும், எது எப்போது இழுக்கிறது என்று தெரியாது, பேட்டரி பின்சீட்டுக்குக் கீழே, கிளம்பும்போது சத்தமே கிடையாது. விளம்பரத்தாளில் சொகுசைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள்.

வாங்கியவர் மாட்டுங்காவில் இருக்கிற ஒரு மேடம். பாலக்காட்டுக் குடும்பம், கட்டடங்களின் பலத்தைக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் இன்ஜினீயர். அறுபது தாண்டியும் சைட்டுக்குப் போய் நின்று வேலை வாங்குகிறவர். முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி, குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் இந்த வண்டியையே வாங்கினார். அவருக்குப் பதினோரு வருடமாக ஒரே டிரைவர். தாராவிக்காரர், என்னைப் போலவே திருநெல்வேலிப் பக்கம். மேடத்தின் பழைய காரைச் சர்வீசுக்கு அவர்தான் கொண்டுவருவார். வந்தால் "அண்ணாச்சி" என்பார், நான் "வா தம்பி" என்பேன். இருவரும் ஊர் மழையைப் பற்றிப் பேசுவோம்.

புது வண்டியின் டெலிவரி ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் மேடம் எனக்கே போன் செய்தார். "பத்தரைக்கு மேல ராகு காலம். அதுக்குள்ள வண்டி கேட்டைத் தாண்டிடணும். உங்களண்ட சொன்னாத்தான் புரியும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மற்றவர்களை நகரச் சொல்லிவிட்டு நானே வண்டியை லிஃப்டில் தூக்கி அதற்கு அடியில் நின்றேன். வேலை பாதியில் இருக்கும்போதே நம்பர் பிளேட் மாட்டுகிறவன் வண்டியைக் கீழே இறக்கச் சொன்னான். அவன் முடித்ததும் கழுவுகிறவன் இழுத்துக்கொண்டு போனான். மணி பத்து இருபது. டெலிவரிக்கு முந்திய பரிசோதனைத் தாளில் நாற்பது வரி இருக்கும். மேலிருந்து கீழே டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். நாலு டயரிலும் எலுமிச்சம்பழம் நசுங்க, பத்து இருபத்தைந்துக்கு வண்டி கேட்டைத் தாண்டியது. மேடம் எனக்குத் தனியாக ஒரு டப்பா லட்டு கொடுத்தார். நமக்கு நம் ஆட்களின் அவசரம் புரிகிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது வாரம் டிரைவர் வண்டியோடு வந்தார். மேடத்துக்கு முதுகு வலி அதிகமாகிவிட்டது, பழைய காரே தேவலை என்கிறார்கள் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டால் தானாக நேராக வருவதற்குச் சோம்பல் படுகிறது என்றார்.

நான் சாவியை வாங்கி டிராம்பே ரோடு வரை ஓட்டிவிட்டு வந்தேன். ஸ்டீயரிங் லேசாகத்தான் இருந்தது. திருப்பத்தில் கைவிட்டால் மனமில்லாமல்தான் திரும்பியது. வண்டி கொஞ்சம் இறுக்கம். ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஹைபிரிட் என்றால் இப்படித்தான் இருக்கும், பேட்டரி எடைக்காக ஸ்பிரிங்கை இறுக்கியிருப்பார்கள், ஸ்டீயரிங்கும் மோட்டாரில் ஓடுகிறது, அதில் உயிர் எங்கே இருக்கும் என்று நினைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க அதே மாடலில் இன்னொரு வண்டி கிடையாது. கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தோம், அது எந்தக் குறையும் காட்டவில்லை. லிஃப்டில் ஏற்றவில்லை. புது வண்டிக்கு அடியில் என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம்தான்.

பத்து நாளில் மறுபடி வந்தார். முகம் வாடியிருந்தது. நான் இரண்டாம் முறையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, வண்டி நார்மல் என்றேன்.

"அண்ணாச்சி, ஒரு தடவ பின்னால இருந்து பாருங்களேன். நான் ஓட்டுதேன்" என்றார்.

சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. நான் தொழிலுக்கு வந்த முதல் வருடம், ஒரு சேட்டின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து வடாபாவ் தின்றேன். என் ஃபோர்மேன் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். அது முதலாளி உட்காருகிற இடம், மெக்கானிக்கின் இடம் முன்சீட்டும் வண்டிக்கு அடியும்தான் என்றார். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மனிதர் அவர். அவர் சொன்ன மற்ற எல்லாமே சரியாக இருந்ததால் இதையும் வேதமாக எடுத்துக்கொண்டேன். முப்பத்தோரு வருடத்தில் எத்தனை ஆயிரம் வண்டி ஓட்டியிருப்பேன், ஒன்றின் பின்சீட்டில்கூட உட்கார்ந்ததில்லை. பின்சீட்டுப் புகார் எல்லாவற்றையும் முன்சீட்டில் உட்கார்ந்தே தீர்த்து வைத்தேன். நம் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

ரோடு டெஸ்ட் தாளில் வழக்கமாக எழுதுகிற இரண்டு வரியை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். வண்டியில் குறை இல்லை. டிரைவருக்கு அறிவுறுத்தப்பட்டது. இந்த இரண்டாவது வரி உங்களுக்கும் பழக்கம்தான். வண்டியில் ஒன்றும் கிடைக்காதபோது தாளை மூடுவதற்காக எழுதுகிற வரி. அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்றே நான் அதுவரை யோசித்ததில்லை.

அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த டிரைவர் மறுபடி வந்தார். வண்டி இல்லை. பஸ்ஸில் வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைத்தான் அன்றும் போட்டிருந்தார். செல்போனில் என் தாளின் படத்தைக் காட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு எம் பொண்ணு வாசிச்சுச் சொல்லிட்டா. நீங்க எனக்கு என்ன அறிவுறுத்துனீங்கன்னு மட்டும் தெரிஞ்சுக்கிடலாம்னு வந்தேன், அண்ணாச்சி."

நான் அவருக்கு எதுவுமே அறிவுறுத்தவில்லை. மழையைப் பற்றித்தான் பேசினேன். மேடம் அந்த வரியைப் படித்துவிட்டு, உனக்கு இந்த வண்டி ஒத்துவரவில்லை, வயதாகிறது, கை தடுமாறுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏஜென்சியிலிருந்து வேறு டிரைவர் வந்தாயிற்று. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏற்றினேன் அண்ணாச்சி, அப்படியும் அவர்கள் வலியில் முனகினார்கள் என்றார். பத்தாவது படிக்கிற மகள், நீங்கள் என்னப்பா தப்பாக ஓட்டினீர்கள் என்று கேட்டிருக்கிறாள்.

சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். இலவசப் பரிசோதனை என்று சொல்லி அன்றைக்கே மேடத்தின் வண்டியை வரவழைத்தேன். ஏஜென்சிப் பையன் கொண்டுவந்தான். நீயே ஓட்டு, டிராம்பே பக்கம் போ என்று சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

கேட்டைத் தாண்டினதும் முதல் ஸ்பீடு பிரேக்கர். அடி நேராக இடுப்பில் விழுந்து கழுத்துவரை ஏறியது. நான் பயந்துபோய் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டேன். கான்கிரீட் ரோட்டின் ஒவ்வொரு இணைப்பும் முதுகில் தட்டியது. முன்னால் அந்தப் பையன் ஒரு விரலில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இதே வண்டியில் நான் இரண்டு முறை அவன் இடத்தில் உட்கார்ந்து நார்மல் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு ஆபரேஷன் ஆகாத முதுகு. அதற்கே இந்தப் பாடு என்றால் அந்த அம்மா எப்படித் தாங்கியிருப்பார் என்று நினைத்தேன். பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

லிஃப்டில் ஏற்றினேன். பின்பக்க ஸ்பிரிங் இரண்டிலும், சுருள்களுக்கு நடுவே, மஞ்சள் ரப்பர் கட்டைகள் இருந்தன.

உங்களுக்குத் தெரியும், கப்பலிலும் டிரெய்லரிலும் வரும்போது வண்டி ஆடக் கூடாது என்பதற்காகச் செருகி அனுப்பும் கட்டைகள். டெலிவரிக்கு முன் நாலையும் உருவிவிட வேண்டும். முன்பக்கம் இரண்டை உருவியிருந்தேன். அதற்குள் நம்பர் பிளேட், கழுவுதல், ராகு காலம். பின்பக்க ஸ்பிரிங் வேலையே செய்யவில்லை. வண்டியின் பின்பாகம் இரண்டு விரல் தூக்கி நின்றதால் மூக்கு தாழ்ந்து, முன்சக்கரம் தானாக நேராகிற குணமும் மங்கியிருந்தது. அந்த மனிதர் கையில் பட்டதைத்தான் சொல்லியிருக்கிறார், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் பெரிய கை அதே ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டு, புது மாடல் இப்படித்தான் என்று முடிவு கட்டியிருக்கிறது. பரிசோதனைத் தாளை எடுத்துவரச் சொன்னேன். கட்டைகள் நாலும் அகற்றப்பட்டன என்ற வரிக்கு நேரே டிக், கீழே என் கையெழுத்து.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்ல மனிதர்தான், கத்தவில்லை. கட்டையை உருவிவிடு, சாஃப்ட்வேர் அப்டேட் செய்தோம் என்று எழுது, வண்டியைக் கழுவி அனுப்பு என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். முதல் வண்டியிலேயே இப்படி என்று கம்பெனிக்குத் தெரிந்தால் சென்டருக்கே ஆபத்து, உனக்கு ஓய்வுபெற எட்டு மாதம்தான் இருக்கிறது, யோசி என்றார். அந்த அம்மாவுக்கு முதுகு வலி போய்விடும், அவ்வளவுதானே வேண்டும் என்றும் கேட்டார்.

நான் மறுத்துப் பேசினேன் என்று எழுத ஆசைதான். இல்லை. தலையாட்டிவிட்டேன். கட்டைகளை உருவினேன். மேசையில் உட்கார்ந்து ரோடு டெஸ்ட் தாளை எடுத்தேன். சாஃப்ட்வேர் அப்டேட் செய்யப்பட்டது என்று எழுதினேன். தாளை மூட வேண்டுமே, பழக்கத்தில் கை தானாக அடுத்த வரிக்கு இறங்கியது. எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன். டிரைவருக்கு அறிவுறுத்தப்பட்டது.

வண்டி கொண்டுவந்த பையன் வெளியே நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் நான் ரோடு எது என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. அவன் வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் அவன் தலையிலும் எழுதிவிட்டேன். என் கையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருடத்தில் இந்த வரியை எத்தனை பேர் தலையில் எழுதியிருப்பேன், அவர்களில் எத்தனை பேர் பஸ் ஏறி வந்து என்னைக் கேட்காமலே போயிருப்பார்கள்?

தாளைக் கிழித்தேன். கட்டைகள் இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டேன். மேனேஜரிடம், நான் மாட்டுங்கா போய்விட்டு வருகிறேன், வேலையில் வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் உங்கள் விருப்பம் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பையன் ஓட்ட, மறுபடி பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். இப்போது வண்டி தண்ணீரில் போவது போலப் போனது. அந்தச் சுகம் எனக்கு முள்ளாகக் குத்தியது.

மேடம் வரைபடங்களுக்கு நடுவே, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டைகளை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். டிக் போட்டவன் நான், கையெழுத்து என்னுடையது, பின்னால் உட்கார்ந்து பார்க்கச் சொன்ன ஒரே ஆள் உங்கள் டிரைவர் என்றேன். அவர் ஒரு கட்டையை எடுத்து, விரலால் அழுத்திப் பார்த்தார். இன்ஜினீயர் அல்லவா, அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பதினோரு வருஷம் அவன் ஓட்டி நான் பின்னாடி உக்காந்துண்டிருக்கேன். எனக்குத் தெரியாதா அவன் கை? உங்க காகிதத்தைப் பாத்துட்டு அனுப்பிட்டேனே" என்றார்.

என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். உடனே அவர் டிரைவருக்குப் போன் போட்டார், மன்னிப்புக் கேட்டார், நாளைக்கே வந்துவிடு என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மேடம் போனை வைத்துவிட்டு, வரமாட்டானாம் என்று மட்டும் சொன்னார். நான் கிளம்பும்போது ஒரு கட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். இது எங்கிட்ட இருக்கட்டும் என்றார். இன்னொன்று நம் ரோடு டெஸ்ட் மேசையில் கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது பேப்பர் பறக்காமலிருக்க வைத்தது என்று யாரோ உங்களிடம் சொன்னார்களாம்.

எனக்கு மெமோ கிடைத்தது. மீதி எட்டு மாதமும் நான் போட்ட கையெழுத்துக்குக் கீழே இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். அது நியாயம்தான்.

டிரைவர் இரண்டு நாள் கழித்து வந்தார். டோம்பிவிலியில் ஒரு பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போகிறாராம். மேடம் மேல் வருத்தமில்லை, ஆனால் இனிமேல் அந்தக் கண்ணாடியில் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்ட முடியாது என்றார். வேறு எதுவும் வேண்டாம், தப்பு தன்மேல் இல்லை என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், மகளிடம் காட்ட வேண்டும் என்றார்.

ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏறிவிட்ட பழைய தாளைத் திருத்த முடியாது. நம் சென்டர் பேர் போட்ட காகிதத்தை எடுத்து என் கையாலேயே எழுதினேன். புகார் உண்மை, குறை வண்டியில் இருந்தது, டெலிவரிக்கு முன் அதைக் கவனிக்காமல் விட்டவன் நான், டிரைவர் மேல் எந்தத் தவறும் இல்லை. தமிழில் அர்த்தம் சொல்லி வாசித்துக் காட்டினேன். இதை எழுதியதோடு என் பாரம் பாதி இறங்கிவிட்டது என்றுகூட எனக்குத் தோன்றியது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

அவர் காகிதத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல நான் எங்க இருக்கேன், அண்ணாச்சி?" என்றார்.

"டிரைவர்னு போட்டிருக்கேன்லா, தம்பி."

"அது யாராவும் இருக்கலாம்லா."

அவர் சொன்னது சரி. அந்தப் பழைய தாளிலும் டிரைவர் என்றுதான் எழுதியிருந்தேன். நம் தாளில் வண்டி நம்பருக்குக் கட்டம் இருக்கிறது, ஓனர் பேருக்குக் கட்டம் இருக்கிறது, ஓட்டி வருகிறவர் பேருக்குக் கட்டம் கிடையாது. ஓரத்தில் எழுத இடம் இருக்கிறது, நீங்கள் எழுதுங்கள். எழுதிவிட்டு அவரையே ஓட்டச் சொல்லிப் பின்னால் ஏறி உட்காருங்கள். மேனேஜர் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நான் புதுக் காகிதம் எடுத்தேன். மேலே தேதி போட்டேன். அதற்கு அப்புறம் பேனா ஓடவில்லை. அவர் ஊர் தெரியும், அங்கே எந்த மாதம் மழை தப்பியது என்று தெரியும். தலையைத் தூக்காமல், "உங்க பேரு என்ன, தம்பி?" என்று கேட்டேன்.

பதினோரு வருடமாக வந்துபோகிற மனிதர், எதிரே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இசக்கிமுத்து" என்றார். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்று, மறுபடி ஒரு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன்.